"எல்லாம் போன்ல இருக்கு" என்பவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்

இது நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். அமெரிக்காவில் ஆர்.வி. எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பப் போகிறவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

மூன்று நாள் முன்பு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உறவுக்காரத் தம்பி ஒருவர் படம் போட்டிருந்தார். அவருக்கு டெக்சாஸில் வேலை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும், மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஆர்.வி.யில் சுற்றப் போகிறாராம். வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, நோட்டு போட்டாச்சா?"

அவ்வளவுதான். சிரிக்கிற பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. "பெரியம்மா, எல்லாம் போன்ல இருக்கு" என்றார் தம்பி. இன்னொருவர், "டீச்சர் இன்னும் சாக்பீஸ் காலத்துலயே இருக்காங்க" என்றார். ஆமாம் ஐயா, சாக்பீஸ் காலம்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் "எல்லாம் போன்ல இருக்கு" என்ற அந்த வாக்கியத்தை நான் சும்மா விடப் போவதில்லை. 2023 செப்டம்பரில் ஒரு ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தின் விலை என்ன என்று பார்த்தவள் நான்.

ஆர்.வி. என்றால் தெரியாதவர்களுக்கு: சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்கு நிறுத்தி வைக்கும் கேரவன் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அமெரிக்காவில் இதை நாள் வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுவார்கள். பணி ஓய்வு பெற்ற பிறகு வீட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியிருப்பவர்களும் ஏராளம்.

காரில் போய் ஹோட்டலில் தங்குவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹோட்டலில் தண்ணீர் வரவில்லை என்றால் கீழே இருப்பவரிடம் சொல்லலாம். ஆர்.வி.யில் அந்த ஆள் நாம்தான். நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு டேங்க், கழிப்பறைக்கு ஒரு டேங்க். இவற்றை எங்கே நிரப்புவது, எங்கே காலி செய்வது, அடுப்பு கேஸை எங்கே மூடுவது, இன்றைக்கு நிற்கும் இடத்தில் கரண்டு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, வாசல் கதவை எத்தனை மணிக்கு மூடுவார்கள், நம் வண்டியின் உயரம் என்ன... இத்தனையும் தினம் தினம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டை நடத்தத் தேவையான விவரங்கள் அத்தனையும் தினமும் ஊர் மாறும்போது கூடவே மாறும்.

எங்கள் வண்டியில் இது அத்தனையும் மாப்பிள்ளையின் போனில் இருந்தது. மாப்பிள்ளை கெட்டிக்காரர். குறை சொல்லவே முடியாது. ஒவ்வொரு முன்பதிவும் மெயிலில், ஒவ்வொரு இடமும் வரைபடத்தில், ஒவ்வொரு செலவும் ஒரு ஆப்பில். "அத்தை, நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பாருங்க" என்றார். நானும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

யூட்டா மாநிலத்தில் 12-ஆம் எண் நெடுஞ்சாலை. சிவப்பும் வெள்ளையுமாகப் பாறை, மேலே போனால் காடு. பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது. அந்த வழியில் ஒரு கேம்ப் கிரவுண்டில் இரவு தங்கினோம். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு மாப்பிள்ளைக்கு முதுகிலிருந்து அடிவயிறு வரை வலி. மனுஷன் துடித்துப்போனார். வாந்தி வேறு. மகள் பயந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். என் மகளின் போனில் சிக்னல் இல்லை. அவர் போனிலும் இல்லை. சரி, எங்காவது போய்க் கூப்பிடலாம் என்றால் இந்தப் பெரிய வண்டியை மகள் ஓட்டியதே இல்லை. போய்க் கூப்பிட்டாலும் என்ன சொல்வது? நாங்கள் இருக்கும் இடத்தின் பெயர் என்ன? மகளுக்குத் தெரியவில்லை. "அவர்தாம்மா புக் பண்ணினார்" என்றாள். அவர் போனைத் திறந்து மெயிலைத் தேடினால், சிக்னல் இல்லாததால் அந்த மெயில் திறக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? "ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கும்மா, ஆப்ல போட்டு வச்சிருக்கார்." இன்சூரன்ஸ் அட்டை? அதுவும் போனில்.

நான்கு பெரியவர்கள் இருந்த வண்டி. மூன்று பட்டதாரிகள், ஒரு டீச்சர். எங்களில் ஒருவருக்கும் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை.

அடுத்து நின்றிருந்த வண்டியின் கதவைத் தட்டினேன். என் இங்கிலீஷ் வகுப்பறை இங்கிலீஷ். "ஹெல்ப், சன்-இன்-லா, பெயின்" என்றுதான் சொன்னேன். கதவைத் திறந்தவர் என் வயது அமெரிக்க அம்மா ஒருவர். தனியாக ஆர்.வி.யிலேயே குடியிருப்பவர். விஷயம் புரிந்ததும் அவர் முதலில் எடுத்தது போனை இல்லை. அலமாரியில் இருந்து மூன்று வளையம் போட்ட ஒரு தடி ஃபைலை எடுத்தார். அன்றைய தேதிப் பக்கத்தைத் திருப்பினார். கேம்ப் கிரவுண்டின் பெயர், நெடுஞ்சாலை எண், எத்தனையாவது மைல் கல், தன் இடத்தின் எண், அவசரச் சிகிச்சை உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி, அதன் தூரம் என எல்லாம் பேனாவால் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: தெற்கே இரண்டு மைல் போனால் மேட்டில் சிக்னல் கிடைக்கும்.

அந்த ஒரு வரிதான் அன்று எங்கள் குலசாமி. தன் பிக்கப் வண்டியில் மகளை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார். 911-ஐக் கூப்பிட்டு, பக்கத்தைப் பார்த்து வரிசையாகப் படித்தார். எங்கள் இடத்தின் எண் மட்டும் தெரியவில்லை. அதற்கும் பதில் எங்கள் வண்டியிலேயே இருந்தது. என் ஏழு வயசுப் பேத்தி சாயங்காலம் தன் படம் வரையும் நோட்டில் எங்கள் வண்டியை வரைந்து, பக்கத்தில் இருந்த மரக்கட்டையையும் அதில் எழுதியிருந்த 17-ஐயும் வரைந்து வைத்திருந்தாள். "அம்மாச்சி, நம்ம டோர் நம்பர் 17" என்று அவள் காட்டியதும், அவளைக் கையில் டார்ச்சோடு வாசலுக்குக் கூட்டிப்போய் நின்றேன். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கிட்னியில் கல். மறுநாள் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆண்டவன் புண்ணியம், மாரடைப்பாக இல்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த வண்டியில் காகிதத்தில் இருந்த ஒரே தகவல் ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்த படம்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். போன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பதிவையே போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். என் சண்டை போனோடு இல்லை. பத்துப் பேர் உயிருக்குத் தேவையான தகவலை ஒரே ஆளின் சட்டைப்பையில் வைத்துப் பூட்டும் பழக்கத்தோடுதான் சண்டை. "எல்லாம் போன்ல இருக்கு" என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? "எல்லாம் என்கிட்ட இருக்கு" என்று அர்த்தம். "உங்களில் யாரிடமும் இல்லை" என்று அர்த்தம்.

நம் வீட்டு ஆண்களுக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது ஒரு வியாதி. ஊரில் இருக்கும்போது பத்திரம் எங்கே, எல்.ஐ.சி. பாலிசி எங்கே, யாருக்கு எவ்வளவு கடன் என்று மனைவியிடம் சொல்லாமல் பீரோ சாவியை இடுப்பில் செருகியிருந்த தலைமுறை ஒன்று இருந்தது. அந்தச் சாவி இப்போது முகத்தைக் காட்டினால் திறக்கும் போனாக மாறியிருக்கிறது. சொல்லிக் கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாது, நான் பார்த்துக்கறேன்." நீங்கள் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?

பெண்களையும் விடப் போவதில்லை, என்னையும் சேர்த்து. "அவர் பார்த்துக்குவார்" என்று ஜன்னல் பக்கம் உட்காருவது சுகமாகத்தான் இருக்கிறது. வண்டியில் ஏறும் ஒவ்வொருவருக்கும், இன்று ராத்திரி நாம் தூங்கப்போகும் இடத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நாம் பயணி இல்லை, சாமான்.

நான் வேலை பார்த்த காலத்தில் வருஷம் ஒருமுறை பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போவோம். ஒரு பஸ், 50 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். கிளம்பும் முன் பெயர்ப் பட்டியல் எழுதுவோம்: பிள்ளையின் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர், பக்கத்துக் கடையின் போன் நம்பர், பஸ்ஸில் வாந்தி எடுக்குமா, வலிப்பு வருமா. அதில் மூன்று பிரதி. ஒன்று என்னிடம், ஒன்று தலைமையாசிரியரிடம், ஒன்று பஸ் டிரைவரிடம். டிரைவருக்கு எதற்கு என்று ஒரு புது ஆசிரியர் கேட்டார். எங்கள் தலைமையாசிரியர் சொன்னார், "நாம நாலு பேரும் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கோம். நமக்கே ஏதாவது ஆனா?" அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

அடுத்து, வரைபட ஆப் வழி காட்டும் என்கிறீர்கள். கார்களுக்கான அந்த ஆப்புக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. நார்த் கரோலினாவில் டர்ஹாம் ஊரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. 11 அடி 8 அங்குலப் பாலம் என்றே உலகம் முழுக்கப் பெயர். எச்சரிக்கைப் பலகை, விளக்கு எல்லாம் இருந்தும், லாரிகளும் ஆர்.வி.க்களும் போய் மோதிக் கூரையை உரித்துக்கொண்டே இருந்தன. 2019-ல் பாலத்தை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதுகிறார்கள்! மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டியை நடுப்பகுதியில் விடவே மாட்டார்கள். பால்டிமோர் துறைமுகத்தின் அடியில் போகும் சுரங்கச் சாலைகளில், ஆர்.வி.யில் வழக்கமாக இருக்கும் அளவுள்ள புரொபேன் கேஸ் சிலிண்டரோடு போகக் கூடாது. கலிபோர்னியாவின் டெத் வேலியில் ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பாதீர்கள் என்று பூங்காக்காரர்களே எச்சரிக்கிறார்கள்.

எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. சயன் தேசியப் பூங்காவில் 1930-ல் திறந்த ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிக நீளம். நாங்கள் போனபோது, 11 அடி 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரமுள்ள வண்டி என்றால் தனியாகப் பணம் கட்டி, ஊழியர்கள் எதிர்ப்பக்கத்து வண்டிகளை நிறுத்திய பிறகுதான் நடுவில் போக வேண்டும். அதற்கு ஊழியர்கள் இருக்கும் நேரத்துக்குள் போயாக வேண்டும். மாப்பிள்ளை இதைப் படித்து போனில் எங்கோ சேமித்தும் வைத்திருந்தார். ஆனால் எங்கோ! நேரம் தாண்டிப் போய் நின்றோம். அன்று இரவுக்குக் கட்டிய பணம் போச்சு. ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்தால் என் பேத்தியே படித்துச் சொல்லியிருப்பாள். சேமித்து வைப்பது வேறு, தேவைப்படும் நிமிஷத்தில் கண்ணில் படும்படி வைப்பது வேறு.

எதிர்வாதங்கள் வரும் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.

"வரைபடத்தை இன்டர்நெட் இல்லாமலே பார்க்க இறக்கி வைத்துக்கொள்ளலாம்." சரி, செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள். அது வழியைச் சொல்லும். உங்கள் மாமனாருக்கு எந்த சுகர் மாத்திரை எத்தனை வேளை என்று சொல்லாது.

"புது ஐபோனில் சிக்னல் இல்லாமலே செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கலாம்." 2022-லிருந்து அந்த வசதி இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் வானம் மறைக்காத இடத்தில் நிற்க வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் விழுந்து கிடக்கும் ஆளாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது நிபந்தனைதான் உதைத்தது.

"நோட்டு நனையும், தொலையும்." தொலையும்தான். அதனால்தான் இரண்டு போடச் சொல்கிறேன். ஆனால் ஒரு நோட்டும் இதுவரை சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனதில்லை.

"எல்லாம் எழுதி வைத்துப் போனால் பயணத்தில் என்ன சுவாரசியம்?" இதைச் சொல்பவர்களுக்கு எப்போதும் இளம் வயசு, நல்ல உடம்பு, கூடவே கிரெடிட் கார்டு. 68 வயசு மாமாவுக்கும் ஏழு வயசுக் குழந்தைக்கும் வழி தவறுவது சுவாரசியம் இல்லை. ஆஸ்பத்திரி எங்கே என்று எழுதி வைத்ததால் எந்த மலையின் அழகும் குறைந்துவிடாது.

பயணத் தகவலை எழுதி வைப்பது ஏதோ கிழவிகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு அதே அமெரிக்காவிலிருந்து ஒரு உதாரணம். 1936-ல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் ஒரு சிறு கையேடு போட்டார். கறுப்பின மக்கள் காரில் வெளியூர் போனால் எந்த விடுதியில் இடம் கொடுப்பார்கள், எங்கே சாப்பாடு கிடைக்கும், எந்தப் பங்க்கில் பெட்ரோல் போடுவார்கள் என்ற பட்டியல். தவறான ஊரில் தவறான கதவைத் தட்டினால் அவமானம், அடி, சில சமயம் உயிரே போகும் காலம். வாசகர்களும் தாங்கள் கண்ட நல்ல இடங்களை எழுதி அனுப்பினார்கள். கிரீன் புக் என்று பெயர் பெற்று ஏறத்தாழ 30 வருஷம் வந்தது. அந்தக் குடும்பங்களுக்குக் காரில் இருந்த அந்தக் கையேடு பெட்ரோலைப் போலவே அவசியம்.

நமக்கும் இது புதிது இல்லை. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படை வகைதான். போய் வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்வது. மலைபடுகடாத்தை எடுத்துப் பாருங்கள். நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு, எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் வந்து விழும், எங்கே பாம்பு, எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லும். கூட்டத்தின் தலைவன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லவில்லை. ஊரறியப் பாட்டாகப் பாடி வைத்தார்கள். அந்த மரபில் வந்த நாம் இன்றைக்குக் கேம்ப் கிரவுண்டின் பெயரைக் கட்டின மனைவிக்கே சொல்லாமல் போனில் பூட்டுகிறோம்.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் டீச்சர் இல்லை. நோட்டு எப்படிப் போடுவது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு 80 பக்க நோட்டு போதும்.

1. முதல் பக்கம் வண்டிக்கு. உயரம் (கூரை மேல் இருக்கும் ஏசியையும் சேர்த்து), நீளம், அகலம், பதிவு எண், வாடகைக்குத் தந்தவரின் அவசர எண். உயரத்தை மட்டும் தனியாகப் பெரிதாக எழுதி ஓட்டுபவர் கண்ணெதிரே ஒட்டுங்கள்.

2. அடுத்து, ஆளுக்கு அரைப் பக்கம். பெயர், பிறந்த தேதி, வியாதி, மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இன்சூரன்ஸ் எண், ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும். மாத்திரைப் பெயரை இங்கிலீஷில் எழுதுங்கள், டாக்டர் படிக்க வேண்டும். பாஸ்வேர்டு, வங்கி விவரம் எதுவும் இதில் வேண்டாம்.

3. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பக்கம். இடத்தின் பெயர், முகவரி, நெடுஞ்சாலை எண், பக்கத்து மைல் கல், நம் இட எண், வாசல் மூடும் நேரம், தண்ணீர், கரண்டு, கழிவு காலி செய்யும் இடம், பக்கத்து ஆஸ்பத்திரி, எங்கே சிக்னல் கிடைக்கும். கடைசி இரண்டையும் போய்ச் சேர்ந்த உடனே விசாரித்து எழுதுங்கள், இருட்டிய பிறகு இல்லை.

4. கடைசிப் பக்கங்களில் வண்டியின் கைவேலைகள், படத்தோடு. கேஸ் எங்கே மூடுவது, தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் எது, தீயணைப்பான் எங்கே. கழிவு காலி செய்யும்போது கழிப்பறை டேங்க் முதலில், பாத்திரத் தண்ணீர் டேங்க் பிறகு. அப்போதுதான் குழாய் கழுவிக்கொள்ளும். இதை ஓட்டுபவர் எழுதக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல, வண்டி ஓட்டத் தெரியாதவர் எழுத வேண்டும். எழுதினால்தான் புரிந்ததா என்று தெரியும். 34 வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

5. அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்றால், இட விவரப் பக்கத்தைத் தமிழ் எழுத்திலும் எழுதுங்கள். கேம்ப் கிரவுண்டின் பெயரை அவர்கள் தமிழில் படித்தாலும் ஆம்புலன்ஸ்காரருக்குப் புரியும்.

6. நோட்டுக்கு ஓர் ஆணி, அல்லது ஒரு கொக்கி. கதவுக்குப் பக்கத்தில். எடுத்தால் திரும்ப அங்கேயே மாட்ட வேண்டும். இரண்டாவது பிரதி ஒரு பெண் கைப்பையில்.

தினமும் ராத்திரி சாப்பிட்டதும், வீட்டில் சின்னவர் யாரோ அவர் அன்றைய பக்கத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். இரண்டு நிமிஷம் ஆகும். வருகைப் பதிவேடு எடுப்பது மாதிரி. என் பேத்தி மீதி ஐந்து நாளும் அப்படித்தான் படித்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பும் முன் அந்த அமெரிக்க அம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் தன் ஃபைலில் இருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து எனக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் மேலே சொன்ன மூன்றாவது பக்கத்தை எழுதியிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதுவும் என் தப்புதான்.

டெக்சாஸ் தம்பி, இது உனக்காக. இன்று ராத்திரி உன் மனைவியிடம் மூன்று கேள்வி கேள். முதல் நாள் ராத்திரி எங்கே தங்குகிறோம்? வண்டி எத்தனை அடி உயரம்? அப்பாவின் பிரஷர் மாத்திரை பெயர் என்ன? மூன்றுக்கும் போனைத் தொடாமல் பதில் வந்தால் பெரியம்மா தோற்றேன், குழுவில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். வராவிட்டால், கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கு.